தற்கொலைக்கு முயன்று பிழைத்தவளை அதே வீட்டுக்கே டிஸ்சார்ஜ் செய்கிறார்கள்: கலெக்டர் மனுவில் என்ன எழுதலாம்?

கரிசல்காட்டுக்காரி | ஞாயிறு, காலை 7:12

தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பதற வேண்டாம்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அடி, சந்தேகம், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் எங்களுக்குத் தெரியும். போன மாதம் அரசு மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்தாள். அந்த நான்கு நாளில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

கேஷுவாலிட்டியில் அவளிடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவள் மாமியார் பதில் சொன்னார். கையில் பிளாஸ்க்கோடு கட்டில் காலடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. புறக்காவல் நிலையத்திலிருந்து நோட்டோடு ஒரு ஏட்டு வந்தார். "வயித்து வலியாம்மா?" என்று காரணத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். "ஆமா சார், ரொம்ப நாளா" என்றார் மாமியார். தங்கச்சி சலைன் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் ஊசி என்பதால் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் மனநல மருத்துவர் வந்தார். புருஷன் பக்கத்தில் நிற்க, "இனிமே இப்படிப் பண்ண மாட்டீங்கல்ல?" என்று கேட்டார். "மாட்டேன்" என்றாள். டிஸ்சார்ஜ்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளிர் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து, "சேர்ந்து வாழ்கிறோம்" என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுத்த அந்தச் சி.எஸ்.ஆர். ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. அது மருத்துவமனைக்குத் தெரியாது. இதைவிட வேடிக்கை, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம் அதே வளாகத்தில், ரத்த வங்கிக்குப் பின்னால் இருக்கிறது. வார்டிலிருந்து நடந்தால் இரண்டு நிமிஷம். நாங்கள் அதைக் கண்டுபிடித்தது டிஸ்சார்ஜ் ஆன பிறகு, பைக் ஸ்டாண்டைத் தேடிப் போனபோது.

இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். நாளை விட்டு, அடுத்த வாரத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று எழுதினால் சீல் போட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். குறிப்பாக எதைக் கேட்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர் | 7:40

இழையைத் திறந்தே வைக்கிறேன். இரண்டு விஷயம். எப்படி முயன்றார்கள் என்ற விவரம் யாரும் எழுதவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் யாருக்காவது இப்போதே தாங்க முடியவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம். வீட்டு வன்முறை என்றால் 181. இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. அடி விழுந்துகொண்டிருக்கிறது என்றால் 112.

இரவுப்பணி_செவிலி | 8:55

நைட் டூட்டி முடித்து பஸ்ஸில் இருக்கிறேன். நீங்கள் எழுதியது எந்த ஊர் என்று தெரியாது, ஆனால் எங்கள் வார்டு மாதிரியே இருக்கிறது.

"வயிற்று வலி" பற்றிச் சொல்கிறேன். கேஷுவாலிட்டிக்குள் வரும்போதே குடும்பம் கெஞ்சிக்கொண்டுதான் வரும். "போலீஸ் கேஸ் ஆக்கிடாதீங்க சிஸ்டர், பொண்ணு மேல கேஸ் வந்துடும்" என்பார்கள். அந்தப் பெண்ணுக்கும் அதே பயம். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் "தவறுதலாக" என்று எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி. எங்களுக்கும்தான், ஒளிப்பானேன். அறுபது பேஷண்டுக்கு இரண்டு ஸ்டாஃப் இருக்கிற ராத்திரியில் ஒரு வார்த்தையைத் தோண்டிக் கேட்க யாருக்குத் தெம்பு?

ஆனால் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியும். டிரெஸ்ஸிங் மாற்றுகிறேன், எல்லோரும் வெளியே போங்கள் என்று ஸ்கிரீனை இழுத்தால் ஐந்து நிமிஷம் கிடைக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் "வீட்ல பயமா இருக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். அப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் பல நாள் கேட்பதில்லை.

வாய்தா_வக்கீல் | 10:20

செவிலி அக்கா, பெண்ணின் மேல் கேஸ் வரும் என்ற பயத்தை முதலில் உடைக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், தண்டிக்கக் கூடாது. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அப்படியே தொடரவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும்தான் 226ஆம் பிரிவில் குற்றம். வீட்டு விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த 115க்கு இரண்டாம் உட்பிரிவு ஒன்று உண்டு, அதை யாரும் படிப்பதில்லை. முயன்று பிழைத்தவருக்கு மறுபடி அந்த நிலை வராமல் இருக்கச் சிகிச்சையும் பராமரிப்பும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது. மனுவின் முதல் பத்தியில் இதைப் போடுங்கள். கருணை கேட்கவில்லை, கடமையைக் கேட்கிறீர்கள்.

இரண்டாவது, குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகள், விதி 17. பாதிக்கப்பட்ட பெண் இந்தச் சட்டத்தின்கீழ் மருத்துவ உதவி கேட்டு வந்தால், சம்பவ அறிக்கை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அறிக்கை இன்னும் பதிவாகவில்லை என்றால் மருத்துவமனைப் பொறுப்பாளரே அந்த அறிக்கைக்கான முதலாம் படிவத்தை நிரப்பி, இந்தச் சட்டத்தின்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவமனை! காவல் நிலையம் இல்லை.

இரவுப்பணி_செவிலி | 10:31

14 வருஷ சர்வீஸில் அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

வாய்தா_வக்கீல் | 10:38

நான் 11 வருஷப் பிராக்டீஸில் மருத்துவமனை நிரப்பி வந்த படிவம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. கணக்கு சரியாகப் போச்சு.

ஓய்வுபெற்ற_எஸ்எஸ்ஐ | 12:05

நான் மகளிர் காவல் நிலையத்தில் பல வருஷம் இருந்தவள். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 1992லிருந்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. பெண்கள் தைரியமாக வருகிறார்கள், அது பெரிய மாற்றம். ஆனால் எங்கள் வேலையில் முக்கால்வாசி "பேசி அனுப்புவது". இரண்டு குடும்பத்தையும் பெஞ்சில் உட்கார வைத்து, அவனை நாலு திட்டு திட்டி, எழுதி வாங்கி அனுப்புவோம். அன்று ராத்திரி அவளுக்கு என்ன நடந்தது என்று மறுநாள் கேட்க எங்களிடம் ரெஜிஸ்டரே கிடையாது. புகார் மூடியாச்சு, அவ்வளவுதான்.

ஒரு பெண் மூன்றாவது தடவை வந்தாள். "மேடம், நீங்க எழுதி வாங்க வாங்க அவன் கெட்டிக்காரனாயிட்டான்" என்றாள். அடிப்பதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டில், தூக்கத்தில், பிள்ளையில் கை வைத்தான். காயம் இல்லை, கேஸும் இல்லை. அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அது ஆபத்தின் அறிகுறி என்று எனக்குப் படவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. தாசில்தார், போட்டோகிராபர் எல்லோரும் வருவார்கள், வீட்டில் யார் யார் என்ன பேசினார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். அதே பெண் பிழைத்துக்கொண்டால் ஒரு ஏட்டு, அரைப் பக்கம், வயிற்று வலி. செத்தவளுக்குக் கொடுக்கிற கவனத்தில் பத்தில் ஒரு பங்கை உயிரோடு இருக்கிறவளுக்குக் கொடுக்கலாம்.

நடுநிலை_ரவி | 12:50

எல்லாம் சரி, ஆண்களும்தான் தற்கொலை செய்துகொள்கிறார்கள். பொய்ப் புகாரால் எத்தனை பேர்? அதைப் பற்றி ஒரு இழை உண்டா?

வாய்தா_வக்கீல் | 13:15

ரவி சார், 2022 தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் நாடு முழுவதும் 1,70,924 தற்கொலை. அதில் ஆண்கள் 1,22,724. நீங்கள் சொல்வது எண்ணிக்கையில் உண்மை, யாரும் மறுக்கவில்லை. அதே கணக்கில் பெண்கள் 48,172 பேர், அவர்களில் 25,309 பேர் இல்லத்தரசிகள். பாதிக்கு மேல். மொத்தத்தில் தமிழ்நாட்டுக்கு இரண்டாமிடம், 19,834. குடும்பப் பிரச்சினை என்று ஒரு கட்டம் இருக்கிறது, 31.7 விழுக்காடு அதில் போகிறது. அந்தக் கட்டத்துக்குள் அடியும் உண்டு, கடனும் உண்டு, சொத்துத் தகராறும் உண்டு. பிரித்துப் பார்க்க யாரும் கேட்கவே இல்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றுதான் இந்த இழை சொல்கிறது. ஆண்கள் வார்டிலும் கேட்கலாம், நல்லதுதான். இழை திறங்கள், நானும் வருகிறேன்.

நடுநிலை_ரவி | 13:22

சரி. கேட்டதில் தப்பில்லையே.

குரோய்டன்_குமார் | 15:30

இங்கிலாந்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன், உள்ளூர் கவுன்சிலில் வேலை. இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒப்பிட உதவும்.

வீட்டு வன்முறை என்று போலீஸோ செவிலியரோ சந்தேகப்பட்டால் டேஷ் என்ற கேள்விப் பட்டியலைக் கேட்பார்கள். மனச்சோர்வாக இருக்கிறதா, தற்கொலை எண்ணம் வருகிறதா என்பது அதில் ஐந்தாவது கேள்வி. அதிக ஆபத்து என்று தெரிந்தால் மாரக் கூட்டத்துக்குப் போகும். போலீஸ், மருத்துவமனை, குழந்தை நலம், வீட்டு வசதி எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவரைப் பற்றிப் பேசுவார்கள். 2003இல் கார்டிஃபில் தொடங்கியது.

இவ்வளவு இருந்தும் என்ன ஆச்சு? 2023 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் துணைவரால் கொல்லப்பட்டவர்கள் 80 பேர். வன்முறைக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டதாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் 93 பேர். கொலையைத் தடுக்கக் கட்டிய ஏற்பாடு, இதைத் தவறவிடுகிறது. கழுத்தை நெரித்தானா, கத்தி வைத்திருக்கிறானா என்று அவனிடமிருந்து வரும் ஆபத்தைத் துல்லியமாகக் கணக்குப் போடுவார்கள். அவள் தளர்ந்து போவதை மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டு முடித்துவிடுவார்கள். மனநலப் பிரிவு, வன்முறை நின்ற பிறகு வா என்கிற மாதிரி நடந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவில் அவள்.

இறந்தபின் எல்லாத் துறைகளையும் உட்கார வைத்து ஆராயும் வழக்கம் இங்கே உண்டு, தற்கொலைக்கும் சேர்த்து. அந்த அறிக்கைகள் பலவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்: ஒவ்வொரு அலுவலகத்துக்கும் கொஞ்சம் தெரியும், முழுசாக யாருக்கும் தெரியாது. கரிசல்காட்டுக்காரி எழுதியதும் அதுதானே.

நம் ஊரிலிருந்து துணைவர் விசாவில் வந்த பெண்களுக்கு இன்னொரு கயிறு. "வெளியே போனால் விசா போய்விடும்" என்று அவன் சொல்வதை நம்பிக்கொண்டு இருப்பார்கள். வன்முறையால் பிரிந்தவர்களுக்கு மூன்று மாதம் அரசு உதவியோடு தங்கி, நிரந்தர அனுமதி கேட்கத் தனி வழி இருக்கிறது. யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

யாழ்மணி | 17:02

இலங்கையில எங்கட பக்கத்தில ஆஸ்பத்திரிக்குள்ளேயே "நட்பு நிலையம்" என்று ஒன்று வைத்திருக்கினம். சிங்களத்தில மிதுரு பியச. வார்டில கிடக்கிற பிள்ளையைத் தாதியர் நேரே அங்க கூட்டிக்கொண்டு போகலாம், பொலிசுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. பெயரில வன்முறை என்ற சொல்லே இல்லை, அதுதான் கெட்டித்தனம். மாமியார் கேட்டால் "நட்பு நிலையத்துக்குப் போயிட்டு வாறன்" என்று சொல்லலாம். எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே மாதிரி நடக்குது என்று சொல்ல மாட்டன். கதைக்க ஒரு கதவு இருக்கு, அவ்வளவுதான்.

இரவுப்பணி_செவிலி | 19:45

தூங்கி எழுந்து வந்தேன். பெயர் விஷயம் முக்கியம் அக்கா. எங்கள் மையத்தின் பலகையில் "வன்முறையால் பாதிக்கப்பட்ட" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. புருஷன் கூட இருக்கும்போது எந்தப் பெண் அந்தப் பலகைக்குக் கீழே போவாள்?

ஒரு கேள்வி. இப்படி வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பற்றி வார்டிலிருந்து மையத்துக்குத் தானாகவே தகவல் போக வேண்டுமா, அவள் சம்மதித்தால் மட்டுமா?

ஓய்வுபெற்ற_எஸ்எஸ்ஐ | 20:10

தானாகப் போக வேண்டும். கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

வாய்தா_வக்கீல் | 20:24

மேடம், இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தானாகப் போனால் ஒரே மாதத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும், அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபீசர் வருவார் என்று. அப்புறம் குடும்பம் அவளைக் கொண்டே வராது, அல்லது தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகும். உயிர் பிழைப்பதே கஷ்டமாகிவிடும்.

ஓய்வுபெற்ற_எஸ்எஸ்ஐ | 20:41

சம்மதம் சம்மதம் என்கிறீர்களே, மாமியார் கட்டில் காலடியில் உட்கார்ந்திருக்கும்போது வாங்குகிற சம்மதம் என்ன சம்மதம்? இடது கையால் போட்ட கையெழுத்தும் சம்மதம்தானே.

வாய்தா_வக்கீல் | 20:58

நியாயம். அப்படியானால் இப்படி வைத்துக்கொள்ளலாம். மையத்தின் பணியாளர் தினமும் வார்டுக்கு வர வேண்டும், அது தானாக நடக்கட்டும். எல்லாப் பெண்களிடமும் தனியாகப் பேச வேண்டும், ஒருவரை மட்டும் தேடி வந்த மாதிரி தெரியக் கூடாது. அவள் பெயர் வெளியே போவது மட்டும் அவள் சொன்னால். மும்பையில் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 2000 வாக்கில் தொடங்கிய திலாசா என்ற உதவி மையம் இப்படித்தான், மருத்துவமனைக்குள்ளேயே ஒரு துறை மாதிரி.

ஓய்வுபெற்ற_எஸ்எஸ்ஐ | 21:03

உயிருக்கு ஆபத்து என்றால் சம்மதம் பார்க்கக் கூடாது என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். அது இல்லாமல் நான் ஒத்துக்க மாட்டேன்.

கரிசல்காட்டுக்காரி | திங்கள், காலை 6:30

எல்லாவற்றையும் படித்தேன். தங்கச்சியிடமும் படித்துக் காட்டினேன். "தானாகவா சம்மதமா" என்ற சண்டைக்கு அவள் சொன்ன பதில்: "யாராவது தனியா வந்து உக்காந்திருந்தா போதும். அன்னிக்குச் சொல்லியிருப்பேனான்னு தெரியல. ரெண்டாவது தடவை வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

இன்னொன்று. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். தொலைபேசி எண் என்ற இடத்தில் இருப்பது அவள் புருஷன் நம்பர். மருத்துவமனையிலிருந்து அக்கறையாக யாராவது கூப்பிட்டிருந்தாலும் அவன்தான் எடுத்திருப்பான்.

வாய்தா_வக்கீல் | 8:15

அந்த இரண்டாவது தடவைக்கு ஆதாரமே இருக்கிறது, அதுவும் சென்னையில். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு, சென்னை, கொழும்பு இரண்டும் அதில் உண்டு. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க" என்று கேட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காடு பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், பேசப்பட்டவர்களில் 0.2. 2008இல் வெளியானது. பெரிய மருந்து, மெஷின் எதுவும் இல்லை. முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்கு, ஏழு, பதினொன்று, அப்புறம் நான்கு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதம்.

அது வன்முறைக்கென்று செய்த ஆய்வு இல்லை. வன்முறை வீட்டில் அந்த போன் யார் கைக்குப் போகிறது என்பதுதான் நம் சிக்கல். கரிசல்காட்டுக்காரி அதைப் பிடித்துவிட்டார்.

இரவுப்பணி_செவிலி | 9:20

அப்படியென்றால் நம்பரைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். "யார் நம்பர்? எத்தனை மணிக்குக் கூப்பிடலாம்? வேறு யாராவது எடுத்தால் எங்கிருந்து பேசுவதாகச் சொல்லட்டும்?" மூன்று கேள்வி. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது என்று சொன்னால் எந்தப் புருஷனும் ஒன்றும் கேட்க மாட்டான், அனுபவத்தில் சொல்கிறேன்.

போனே இல்லாதவர்களுக்கு? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரை கொடுக்கத் தன்னார்வலர் பெண்கள் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். பெரும்பாலும் அந்த வீட்டு மாமியாருக்கே மாத்திரை கொடுக்கத்தான் போவார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். ஆனால் அதே ஊர்க்காரர்கள், விஷயம் கசியும் ஆபத்தும் உண்டு. அதனால் அவள் ஒத்துக்கொண்டால் மட்டும்.

குரோய்டன்_குமார் | 13:40

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கூப்பிடுகிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். இங்கே ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை. மூன்றாவது தடவை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கரிசல்காட்டுக்காரி | வியாழன், இரவு 9:10

மனு ஒன்றரைப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. கேட்பது ஐந்து: வார்டில் உறவினர் இல்லாமல் தனியாகப் பேசுவது; மனநல மருத்துவரும் அப்படியே பார்ப்பது; மையத்தின் பணியாளர் தினசரி வார்டுக்கு வருவது, மூன்றாம் தரப்புக்குத் தகவல் போவது அவள் சொன்னால் மட்டும், உயிராபத்து தவிர (எஸ்.எஸ்.ஐ. அம்மா வரி); முதலாம் படிவம் வார்டிலேயே கிடைப்பது; ஒன்பது தடவை ஒரே ஆள் கூப்பிடுவது. மகளிர் காவல் நிலையத்தில் பேசி அனுப்பிய பெண்ணை ஒரு வாரத்தில் கூப்பிட்டுக் கேட்க ஒரு ரெஜிஸ்டர் வேண்டும் என்று ஆறாவதாகச் சேர்த்தால் ரொம்ப நீளுமா?

ஓய்வுபெற்ற_எஸ்எஸ்ஐ | 9:32

நீளட்டும். சேருங்கள். அந்த மனுவுக்கு என் பெயரையும் போடலாம், நானும் வருகிறேன்.

இரவுப்பணி_செவிலி | வெள்ளி, காலை 8:40

கலெக்டர் எப்போது செய்வார் என்று தெரியாது. எங்கள் சிஸ்டர் சூப்பரிண்டெண்டிடம் பேசிப் பார்த்தேன். புதுப் படிவம் அச்சடிக்க மேலே எழுத வேண்டுமாம், ரப்பர் ஸ்டாம்புக்கு யார் அனுமதியும் வேண்டாமாம். பஸ் ஸ்டாண்டு எதிரில் செய்து வாங்கிவிட்டேன், 220 ரூபாய். மூன்று வரி:

தனியாகப் பேசப்பட்டது: ஆம் / இல்லை
கூப்பிட வேண்டிய எண், நேரம்:
யார் எடுத்தால் என்ன சொல்ல:

கேஸ் ஷீட்டில் நம்பர் கட்டத்துக்குக் கீழே சரியாக உட்காருகிறது. மூன்றாவது வரி வெளியே தெரியக் கூடாது என்று சூப்பரிண்டெண்ட் சொன்னார், டிஸ்சார்ஜ் சீட்டில் அடிக்காமல் வார்டுப் பிரதியில் மட்டும் அடிக்கிறோம். நேற்று ராத்திரி மூன்று பேருக்கு அடித்தேன். இரண்டு பேர் அம்மா நம்பர் கொடுத்தார்கள். ஒருத்தி நம்பர் எதுவும் இல்லை என்றாள், அப்புறம் விடிகாலை நாலு மணிக்குக் கூப்பிட்டு மகளின் டீச்சர் நம்பரைச் சொன்னாள்.